தொழிலில் ப்ராஜெக்ட் மேலாண்மை: முடிவுத் தேதி எங்கே தீர்மானமாகிறது?

கூடுதல் தையல் யூனிட், இரண்டாவது கிளை, கணக்கு மென்பொருள் மாற்றம் என்று ஒரு நிறுவனம் எதைத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பது ஒரு தேதிதான். "தீபாவளிக்கு முன்னாடி ஓடணும்" என்று முதலாளி சொல்லிவிடுகிறார். அந்தத் தேதி தவறும்போது ஆளுக்கொரு காரணம் வருகிறது: மின்வாரியம் இழுத்துவிட்டது, வயரிங்காரர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை. அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றில் எது தேதியைத் தள்ளியது, எது தள்ளவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கே ப்ராஜெக்ட் மேலாண்மையின் அடித்தளம். மென்பொருளும் சான்றிதழும் அதற்குப் பிறகுதான்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் 60 மெஷின்களுடன் புதிய தையல் யூனிட் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கணக்குகள் முழுக்க இந்த ஒரே எடுத்துக்காட்டுதான். இதில் வரும் நாள்களும் தொகைகளும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை.

எது ப்ராஜெக்ட், எது அன்றாட வேலை

தினமும் 3,000 டி-சர்ட் தைப்பது ப்ராஜெக்ட் ஆகாது. நேற்று செய்ததை இன்றும் செய்கிறோம். தவறினால் நாளை சரிசெய்துகொள்ளலாம். புதிய யூனிட் அமைப்பது ப்ராஜெக்ட். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, முடிவில் இதுவரை இல்லாத ஒன்று கையில் இருக்கும். தினசரி உற்பத்தியை நன்றாக நடத்தும் மேலாளர் பலர் ப்ராஜெக்டில் தடுமாறுவது இதனால்தான். உற்பத்தியில் பழைய அளவு கையில் இருக்கிறது. ப்ராஜெக்டில் பாதி வேலைகள் அந்த நிறுவனம் முதன்முறையாகச் செய்பவை.

ஒவ்வொரு ப்ராஜெக்டையும் மூன்று விஷயங்கள் கட்டிப்போடுகின்றன: என்னென்ன செய்யப்போகிறோம் என்ற வேலை எல்லை, அதற்கான காலம், அதற்கான பணம். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டில் ஒன்றாவது நகரும். "அதே பணம், அதே தேதி, கூட ஒரு கட்டிங் மேசை மட்டும்" என்று சொல்லும்போது நகர்வது பெரும்பாலும் யாரும் பார்க்காத நான்காவது விஷயம், தரம்.

முதலில் எல்லை

தொடங்குவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி, பணம் போடுபவர் கையெழுத்திட வேண்டியவை இவை:

1. முடிவில் என்ன இருக்கும்: 60 மெஷின் (ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கிள் நீடில் எத்தனை எத்தனை), இரண்டு லைன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் இடம்.
2. எது இதில் சேராது: கட்டிங் இருக்கும் இடத்திலேயே தொடரும், விடுதி கிடையாது, பிரிண்டிங் வெளியே ஜாப் ஒர்க்.
3. "முடிந்தது" என்பதற்கு அடையாளம்: பையரின் (ஆடை வாங்கும் நிறுவனத்தின்) ஆடிட், அதாவது தொழிற்சாலை ஆய்வு, தேறிய அறிக்கை. மெஷின் ஓடுவது மட்டும் போதாது.
4. பொறுப்பாளர் ஒருவர் பெயர். இரண்டு பெயர் கூடாது.
5. பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய வரம்பு.

இவற்றில் இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுதாத எதுவும் பிறகு "அதுவும் இதிலேதானே" என்று உள்ளே வரும். குடும்ப நிறுவனங்களில் அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி ஒன்று சொல்வார். கையெழுத்திட்ட ஒரு பக்கம் பொறுப்பாளரைக் காப்பாற்றும்.

எல்லை முடிவாகாமல் வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஓபரா ஹவுஸ் பெரிய சாட்சி. கூரையின் வடிவமைப்பு முடிவாகும் முன்பே, 1959இல் அடித்தள வேலை தொடங்கியது. பின்னர் முடிவான கூரையைத் தாங்கும் வலு தூண்களுக்கு இல்லாததால் அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலராகக் கணித்த செலவு 10.2 கோடி டாலரானது. திறப்பு 1973இல்தான் நடந்தது.

வேலைகளை உடைத்தல்

அடுத்து, மொத்த வேலையையும் சிறு சிறு வேலைகளாக உடைக்க வேண்டும். எவ்வளவு சிறிதாக? ஒருவர் பொறுப்பேற்கும் அளவு, முடிந்ததா இல்லையா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் அளவு. "மின்சார வேலை" என்று ஒரே வரியில் எழுதினால் அதை யாராலும் கண்காணிக்க முடியாது. விண்ணப்பம், மதிப்பீட்டுத் தொகை கட்டுவது, கேபிள், மீட்டர், இணைப்பு என்று பிரித்தால் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இங்கே விடுபடுபவை எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான்: தொழிற்சாலை உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, ஊழியர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, பயிற்சி. இவற்றுக்கு வாங்கும் பொருள் எதுவும் இல்லை என்பதால் பட்டியலில் வராமல் போகின்றன. ஆடிட் வரும்போது முதலில் கேட்கப்படுவதும் இவைதான்.

கணக்கைப் புரிந்துகொள்ள, நம் யூனிட்டை ஒன்பது வேலைகளாகச் சுருக்கிக்கொள்வோம்.

1. கட்டடம் பார்த்து வாடகை ஒப்பந்தம்: 15 நாள்.
2. கூடுதல் மின்சுமையுடன் மின் இணைப்பு: 45 நாள். 1 முடிந்த பிறகே.
3. தரை, வயரிங், விளக்கு: 30 நாள். 1 முடிந்த பிறகே.
4. மெஷின் ஆர்டர் கொடுத்து வந்து இறங்குவது: 60 நாள். முதல் நாளே தொடங்கலாம்.
5. மெஷின் பொருத்தி லைன் அமைப்பது: 8 நாள். 3, 4 முடிய வேண்டும்.
6. ஆள் எடுப்பது: 25 நாள். எப்போது வேண்டுமானாலும்.
7. பயிற்சி: 20 நாள். 2, 5, 6 முடிய வேண்டும்.
8. சோதனை உற்பத்தி: 10 நாள். 7க்குப் பிறகு.
9. பையர் ஆடிட், அறிக்கை: 12 நாள். 8க்குப் பிறகு.

இவை நாள்காட்டி நாள்கள். இடையில் தீபாவளியோ பொங்கலோ வந்தால் திருப்பூரில் ஒரு வாரத்துக்கு மேல் ஆள் இருக்காது. அதைத் தனியே கூட்ட வேண்டும்.

தேதியைத் தீர்மானிக்கும் சங்கிலி

ஒன்பதையும் கூட்டினால் 225 நாள். ஆனால் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். பயிற்சி எப்போது தொடங்கலாம் என்று மட்டும் பாருங்கள். மெஷின் வழி: 60 + 8 = 68ஆம் நாள். மின் இணைப்பு வழி: 15 + 45 = 60. உள்வேலை (தரை, வயரிங், விளக்கு) வழி: 15 + 30 + 8 = 53. ஆள் எடுப்பது 25. இவற்றில் கடைசியாக வந்து சேருவது மெஷின். எனவே பயிற்சி 68இல் தொடங்கி 88இல் முடியும், சோதனை உற்பத்தி 98இல், ஆடிட் 110இல்.

மெஷின், பொருத்துதல், பயிற்சி, சோதனை, ஆடிட் என்ற இந்த வரிசைக்கு முக்கியப் பாதை என்று பெயர். 1957இல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலைப் பணிகளுக்காக உருவாக்கிய முறை இது. மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக 'பெர்ட்' என்ற ஒத்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே ஹென்றி கான்ட்டின் பட்டை வரைபடம் வந்துவிட்டது. இன்றைக்கும் பல அலுவலகச் சுவர்களில் இருப்பது அதுதான். எந்த வேலை எத்தனை நாள் என்று அது காட்டும். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வெறும் பட்டைகள் காட்டுவதில்லை.

மற்ற வேலைகளுக்கு அவகாசம் இருக்கிறது. மின் இணைப்புக்கு 8 நாள், உள்வேலைக்கு 15 நாள், ஆள் எடுப்பதற்கு 43 நாள். அவகாசத்துக்குள் தாமதமானால் முடிவுத் தேதி அசையாது. இதிலிருந்து கிடைக்கும் முடிவுகள் பலருக்கு நம்பக் கடினமானவை:

1. மின் இணைப்பு 20 நாள் தாமதமானால் ப்ராஜெக்ட் 20 நாள் தள்ளாது. 8 நாளை அவகாசம் விழுங்கிவிடும்; 12 நாள்தான் தள்ளும். முடிவு 122ஆம் நாள்.
2. கூடுதல் பணம் கொடுத்து வயரிங் வேலையை 10 நாள் முன்னால் முடித்தால் ஒரு நாள்கூட மிச்சமாகாது. அந்தப் பணம் வீண்.
3. கூடுதல் செலவில் மெஷினை 10 நாள் முன்னதாக வரவழைத்தால் 8 நாள்தான் கிடைக்கும். ஏனென்றால் மெஷின் 58இல் தயாராகும், மின்சாரம் 60இல்தான் வரும். கொடுப்பது 10 நாளுக்கான விலை.
4. ஆள் எடுப்பதை முதல் நாளே தொடங்கினால் 25ஆம் நாளில் ஆள் தயார், வேலை இல்லை. 43 நாள் சும்மா சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். 35ஆம் நாள் வாக்கில் தொடங்குவதே சரி.
5. மெஷின் கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் பேரம் பேச முதலாளி எடுத்துக்கொள்ளும் மூன்று வாரம் அப்படியே முடிவுத் தேதியில் ஏறும். 110 நாள் ஓடத் தொடங்குவது அட்வான்ஸ் போன அன்றுதான்.

ஐந்தாவதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமதம் என்றதும் வெளியாள்களைப் பார்க்கிறோம். முடிவெடுக்காமல் மேசையில் கிடக்கும் ஒரு கோப்பு, அது முக்கியப் பாதையில் இருந்தால், எந்த ஒப்பந்தக்காரரையும் விடப் பெரிய தாமதம்.

45 நாள் என்பது எங்கிருந்து வந்தது?

கணக்கு சரி, உள்ளே போடும் எண் தவறானால்? நல்லபடியாக நடந்தால் ஆகும் நாளையே மனிதர்கள் இயல்பாக நடக்கும் நாளாகச் சொல்வார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்ன மருந்து எளிது: நம் வேலையின் உள்விவரங்களை மட்டும் பார்த்து மதிப்பிடாமல், இதே மாதிரி வேலைகள் முன்பு உண்மையில் எத்தனை நாள் ஆயின என்று பார்க்க வேண்டும்.

பெர்ட் முறையில் ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண் கேட்கிறோம். மின் இணைப்பு எல்லாம் கூடிவந்தால் 30 நாள், வழக்கமாக 45, மோசமானால் 90. வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: 30 + 180 + 90 = 300; 300 ÷ 6 = 50. இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறால் வகுத்தால் ஏற்ற இறக்கத்தின் அளவு: 60 ÷ 6 = 10 நாள்.

இதை நம் சங்கிலியில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் வருவது இப்போது 65ஆம் நாள். அவகாசம் 8இலிருந்து 3 ஆகிவிட்டது, ஏற்ற இறக்கமோ 10 நாள். காகிதத்தில் முக்கியப் பாதையில் இல்லாத மின் இணைப்பு, நடைமுறையில் அதற்கு ஒட்டியே நிற்கிறது. மெஷினைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மின்வாரிய விண்ணப்பத்தையும் சேர்த்துக் கேட்பவரே நல்ல பொறுப்பாளர்.

பாதுகாப்புக்காக ஒவ்வொரு வேலையிலும் ரகசியமாக ஐந்தைந்து நாள் சேர்ப்பது பலரின் வழக்கம். அது வேலை செய்வதில்லை. கொடுத்த நாள் முழுவதையும் வேலை எடுத்துக்கொள்ளும். முன்னதாக முடித்தவரும் முடித்ததாகச் சொல்லமாட்டார். வேலைகளுக்கு நேர்மையான நாளைக் கொடுத்து, சேமிப்பு நாள்களை மொத்தமாகக் கடைசியில், பொறுப்பாளர் கையில் வைப்பது மேல். பையரிடம் 110ஐச் சொல்லக் கூடாது. 120 அல்லது 125ஐச் சொல்ல வேண்டும்.

அபாயப் பட்டியலும் ஒப்பந்தமும்

அபாயப் பட்டியல் நான்கு நெடுவரிசைகள் கொண்ட தாள்: என்ன நடக்கலாம், நடந்தால் எத்தனை நாள் அல்லது எவ்வளவு பணம், முன்கூட்டியே என்ன அறிகுறி தெரியும், யார் என்ன செய்வார். "மழை வரலாம்" என்று எழுதுவதில் பயனில்லை. "52ஆம் நாளுக்குள் மெஷினைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம் வரவில்லை என்றால் உள்ளூர் டீலரிடம் இருப்பு கேட்பது" என்று எழுதினால் அதை வைத்து வேலை செய்ய முடியும்.

ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். வழக்கு முடியும்போது பருவமே போயிருக்கும். எனவே ஒப்பந்தத்தில் அபராத வரியைவிட இடைநிலைத் தேதிகள் முக்கியம்.

மறுபக்கமும் உண்டு. வயரிங்காரரின் பணத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டு ஆள் அனுப்பவில்லை என்று குறைசொல்ல முடியாது. அவர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. எந்த வாரம் எவ்வளவு பணம் வெளியே போகும் என்ற பட்டியலும் ப்ராஜெக்டின் பகுதிதான்.

"90 சதவீதம் முடிஞ்சிருச்சு"

வாரக் கூட்டத்தில் கேட்கும் இந்த வார்த்தையை ஏற்கவே கூடாது. முடிந்தது என்றால் முழு மதிப்பு, முடியாதது என்றால் சுழி. இந்தக் கடுமையான விதியோடு பணக் கணக்கைச் சேர்த்தால் உண்மை நிலை தெரியும்.

நம் யூனிட்டின் பட்ஜெட் 80 லட்சம்: மெஷின் 38, உள்வேலை 18, மின்சாரமும் ஜெனரேட்டரும் 10, கட்டட அட்வான்ஸ் 6, பயிற்சிக் காலச் சம்பளம் 8. தனியாக ஒதுக்கிவைத்த எதிர்பாராச் செலவு 8 லட்சம். 45ஆம் நாளில் கட்டட அட்வான்ஸும் முழு உள்வேலையும் முடிந்திருக்க வேண்டும். அதாவது 24 லட்ச ரூபாய் வேலை. நடந்தது: அட்வான்ஸ் (6), தரை (6), வயரிங் (8). விளக்கும் காற்றாடியும் (4) பாக்கி. முடிந்த வேலையின் மதிப்பு 20 லட்சம். செலவானது 23 லட்சம்.

கணக்குப் பிரிவு 24 ஒதுக்கி 23 செலவு, ஒரு லட்சம் மிச்சம் என்று சொல்லும். உண்மையில் 20 லட்சத்துக்கான வேலைக்கு 23 லட்சம் போயிருக்கிறது. 20 ÷ 23 = 0.87, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 87 காசு வேலை. இதே போக்கில் போனால் 80 × 23 ÷ 20 = 92 லட்சம் ஆகும். ஒதுக்கிய 8 லட்சமும் போதாது.

ஆனால் இந்த 92ஐ அப்படியே நம்புவதும் தவறு. மெஷின் விலை 38 லட்சம் பர்ச்சேஸ் ஆர்டரில் உறுதியாகிவிட்டது, அது ஏறாது. மீதி 22 லட்ச வேலைக்கு மட்டும் அதே விகிதத்தைப் போட்டால் 25.3. மொத்தம் 23 + 38 + 25.3 = 86.3 லட்சம். எதிர்பாராச் செலவுக்குள் அடங்குகிறது, கொஞ்சமே மிச்சமிருக்கிறது. அதேபோல 24க்கு 20 என்பது கால அட்டவணையில் பின்தங்கியதாகத் தெரிந்தாலும், உள்வேலைக்கு 15 நாள் அவகாசம் இருப்பதால் முடிவுத் தேதி இன்னும் அசையவில்லை. 0.87 போன்ற குறியீட்டு எண் மணி அடிக்கும்; எங்கே என்று பார்க்கச் சங்கிலியிடம்தான் போக வேண்டும்.

நடுவில் வரும் மாற்றங்கள்

கட்டடத்தைப் பார்க்க வந்தவர் "இங்கேயே ஒரு எம்ப்ராய்டரி மெஷினும் போட்டுடலாம்" என்பார். மறுக்க வேண்டியதில்லை. என்ன கூடுகிறது, எவ்வளவு பணம், எத்தனை நாள், மின்சுமை மாறுமா என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மின்சுமை மாறினால் மின்வாரிய விண்ணப்பம் திருத்தப்பட வேண்டியிருக்கும், 45 நாள் மீண்டும் தொடங்கும். வாய்வார்த்தையில் இது தெரியாது.

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில், திறப்புக்கு இரண்டு ஆண்டுகூட இல்லாதபோது, ஒரு விமான நிறுவனத்துக்காகத் திட்டமிட்ட தானியங்கிப் பெட்டி கடத்தும் அமைப்பை நிலையம் முழுமைக்கும் விரித்தார்கள். 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரியில் திறந்தது. அந்த அமைப்பும் 2005இல் கைவிடப்பட்டது.

தேதி உடையும்போது

பையர் 20 நாள் முன்னதாகக் கேட்கிறார் என்றால் வழிகள் மூன்று: முக்கியப் பாதையில் பணம் போடுவது, வரிசையாகச் செய்யும் வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது, எல்லையைக் குறைப்பது. "ஆளைக் கூட்டு" என்பது தனி வழி ஆகாது. ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./360 மென்பொருள் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இல் சொன்னது, தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது. பழைய ஆள்கள் புதியவர்களுக்குக் கற்றுத்தர உட்கார்ந்துவிடுவார்கள். பயிற்சி தேவைப்படும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

நம் யூனிட்டில் இப்படிச் செய்யலாம். 20 மெஷினை மட்டும் உள்ளூர் டீலரின் இருப்பிலிருந்து கூடுதல் விலைக்கு வாங்குவது. உள்வேலை 45இல் முடிந்ததும் மூன்று நாளில் அவற்றைப் பொருத்தி, வாடகை ஜெனரேட்டரில் 48ஆம் நாள் முதல் அணிக்குப் பயிற்சியைத் தொடங்குவது. பயிற்சி 68, சோதனை 78, ஆடிட் 90. மீதி 40 மெஷின் 60இல் வந்து, 66க்குள் பொருந்தி, இரண்டாம் அணி 86இல் தயார். ஒரு லைன் ஓடும்போதே ஆடிட் செய்ய பையர் ஒப்புக்கொள்கிறாரா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். ஆள் எடுப்பதையும் 48க்குள் முதல் அணி வரும்படி முன்னால் நகர்த்த வேண்டும்.

110 நாள் 90 ஆகிவிட்டது. ஆனால் முக்கியப் பாதையும் இடம் மாறிவிட்டது. வாடகை ஒப்பந்தமும் உள்வேலையும் இப்போது அதற்குள் வந்துவிட்டன. 15 நாள் அவகாசம் சுழியாகிவிட்டது. கப்பலில் வரும் மெஷினுக்கு 4 நாள் அவகாசம் கிடைத்திருக்கிறது. 45ஆம் நாளில் பாக்கி நின்ற அந்த 4 லட்ச ரூபாய் விளக்கு வேலை, பழைய கணக்கில் யாரையும் பாதிக்கவில்லை. புதிய கணக்கில் அது தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஷிப்மென்ட் தேதியில் ஏறும்.